பதினாறு வோல்ட் எங்கே போனது?

இன்று காலை இஸ்திரிப் பெட்டியைச் செருகியதும் பிளக்கிலிருந்து மீன் வாடை வந்தது. நம் சைவ வீட்டில் மீன் வாடை! சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். உன் நினைவு வந்துவிட்டது.

நம் சாயப்பட்டறையிலும் அன்று இதே வாடைதான். நான் பூனையைத் திட்டினேன். உன் மூத்தார், அதுதான் என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டைத் திட்டினார். நீ மட்டும் மூக்கை உறிஞ்சியபடி பட்டறையைச் சுற்றி வந்தாய்.

"அக்கா, தண்ணி காயவைக்கிற ஹீட்டர் ஓடுறப்போ மட்டும்தான் வருது. கவனிச்சீங்களா?"

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு ஒரு மின்சார மீட்டரையும் கொண்டுவந்தவள் நீ. இயற்பியல் படித்த பெண் அப்படித்தான் இருப்பாள் என்று தெரு சிரித்தது. அந்த மீட்டரை எடுத்து வந்தாய். ஹீட்டரை அணைத்திருந்தபோது மெயின் போர்டிலும் ஹீட்டர் முனையிலும் இருநூற்று முப்பது வோல்ட். ஹீட்டரைப் போட்டதும் போர்டில் அதே இருநூற்று முப்பது, ஹீட்டர் முனையில் இருநூற்றுப் பதினாலு.

"பதினாறு எங்க போச்சி அக்கா?"

"எவனாவது திருடிக்கினு போறானா?" என்றேன்.

"ஆமா. வழியில ஒருத்தன் குந்திகினு இருக்கான்."

மீட்டரின் கொடுக்கால் கம்பியைக் கவ்விப் பிடித்துக் கரண்ட் பார்த்தாய். எட்டு ஆம்பியர். தரையில் உட்கார்ந்து, சிந்தியிருந்த சாயத் தண்ணீரைத் தொட்டுக் கணக்குப் போட்டாய். பதினாறை எட்டால் வகுத்தால் இரண்டு; வழியில் எங்கோ இரண்டு ஓம் தடை. பதினாறை எட்டால் பெருக்கினால் நூற்று இருபத்தெட்டு வாட்.

சட்டென்று உன் முகம் மாறியது. "அக்கா, சுவத்துக்குள்ள ஒரு பெரிய குண்டு பல்பு எரிஞ்சிகினு இருக்குது. மெயின ஆஃப் பண்ணுங்க, ஜல்தி!"

"மீட்டர்தான் கெட்டிருக்கும், பேஜார் பண்ணாதம்மா" என்றார் உன் மூத்தார். நான் அதற்குள் அணைத்துவிட்டிருந்தேன். பட்டு நூல் அடுக்கியிருந்த பலகையை நகர்த்தினோம். பின்னால் கம்பிகள் சேரும் பிளாஸ்டிக் பெட்டி உருகி வழிந்திருந்தது; மீன் வாடை அதிலிருந்துதான். பலகையின் முதுகு கரியாகியிருந்தது. பலகையில் இருந்தது ஒரு கல்யாணத்துக்குச் சாயம் போட வந்த நூல் முழுவதும். அவர் அந்தக் கரியைத் தடவிப் பார்த்தார்.

இணைப்பைப் புதிதாகப் போட்டதும் மறுபடி அளந்தாய். ஹீட்டர் முனையில் இருநூற்று இருபத்தெட்டு, கரண்ட் எட்டரை. ஆயிரத்து எழுநூறு வாட் சொச்சம் வாங்கிக்கொண்டிருந்த ஹீட்டர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டியது. தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறதா என்று பார்க்க இருவரும் அடுப்பங்கரைக்குக்கூடப் போகாமல் தொட்டியருகே நின்றோம்.

"சும்மா இருக்கிறப்போ எல்லாக் கம்பியும் நல்ல கம்பிதான் அக்கா. வேல குடுத்தாத்தான் தெரியும்" என்றாய்.

போன மாசியில் காய்ச்சலென்று உன்னை வேலூருக்குக் கொண்டுபோனோம். வீட்டுக்கு நீ திரும்பவில்லை.

மீட்டர் இப்போது என்னிடம். சென்ற வாரம் களம்பூரில் என் தங்கை வீட்டுக் கிணற்று மோட்டார் முக்கி முனகியது. ஓடவிட்டு இரண்டு முனையிலும் அளந்தேன். இருபது வோல்ட்டைக் காணோம். எங்கே போனது என்று தேடிக்கொண்டே போனால், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு கம்பிமுனை கருகிக் கிடந்தது.

"இதெல்லாம் உனக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்றாள் தங்கை.

"என் ஓர்ப்படி சொல்லுவா" என்றேன்.

'சொன்னாள்' என்று திருத்திக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.