ஃபெஸ்டி ஹெரட்டியின் ஓட்டு

மே 10, 1944. புதன்.

ரயில், பஸ் கம்பெனிகளை ஒன்றாக்கும் மசோதாவில் அரசு நேற்று ஒரே ஒரு ஓட்டில் தோற்றுவிட்டதாம். சபையைக் கலைக்கிறார்கள். போன ஜூனில்தான் ஒரு தேர்தல் முடிந்தது, இந்த மாதக் கடைசியில் இன்னொன்று. வெளியே உலகமெல்லாம் குண்டு விழுகிறது. போரில் சேராத எங்கள் நாட்டில் பெட்ரோல் இல்லை, தேயிலை வாரத்துக்கு ஒரு சிட்டிகை. தேர்தலுக்கு மட்டும் பஞ்சமில்லை. அப்பா இருந்திருந்தால் காலையிலிருந்தே திட்டித் தீர்த்திருப்பார். அவர் போய் மூன்று மாதம் ஆகிறது.

மே 14. ஞாயிறு.

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் மோரன் முதலாளி நிற்கிறார். ஆறு வருடமாக அவர் கடையில்தான் மாவு நிறுக்கிறேன். அவருடைய மைத்துனர் இந்த முறையும் போட்டியிடுகிறார்.

"வின்னி, உங்கப்பா ஃபெஸ்டி பேரு இன்னும் ஓட்டர் பட்டியல்ல இருக்கு. வீணாப் போக வேண்டாமேன்னு பாக்குறேன்."

"அப்பா செத்துட்டாரே, முதலாளி."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். பட்டியலுக்குத் தெரியாதே. நீ வாயத் திறக்காம இருந்தாப் போதும்."

வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். உள்நாட்டுச் சண்டையில் அந்த மைத்துனரும் அப்பாவும் எதிரெதிர்ப் பக்கம். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம், அந்த ஆள் எதிரே வந்தால் அப்பா தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார். செத்தவர்கள் ஓட்டுப் போடுவது எங்கள் ஊரில் வழக்கம்தான். இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனவர்களின் ஓட்டும் போன வருடம் ஒழுங்காக விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். இப்போது உருளைக்கிழங்கு சீவக் கை வரவில்லை.

மே 15.

எங்கப்பா பேர்ல அந்தாளுக்கு ஓட்டா? விடமாட்டேன்.

மே 21. ஞாயிறு.

விவசாயிகள் கட்சி வேட்பாளர் வந்தார். ட்யூப் கிடைக்காமல் சைக்கிள் டயருக்குள் வைக்கோல் திணித்திருந்தார். பாவம், பேச்சும் அப்படித்தான் தடதடவென்று இருந்தது. பூத் ஏஜென்டாக உட்கார ஆள் கேட்டார். மோரனைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் தைரியம்? எல்லாரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன்.

"நீ மோரன் கடைப் பொண்ணுதானே?"

"ஆமா. அன்னைக்கு மட்டும் லீவு."

அப்பா இவருக்கும் ஓட்டுப் போட்டிருக்க மாட்டார். அது அவர் இஷ்டம்.

மே 30. செவ்வாய்.

எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள். எப்படி மறக்கும்?

பள்ளிக்கூடத்தில்தான் பூத். காலையில் முதல் ஆளாக என் ஓட்டைப் போட்டேன். வேட்பாளர் பெயர்களுக்கு நேரே விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண் எழுதினேன், மைத்துனர் பெயருக்கு நேரே ஒன்றுமே எழுதவில்லை. பிறகு குழந்தைகளின் பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்தேன். தேர்தல் அதிகாரி வெளியூர் வாத்தியார், யாரையும் தெரியாதவர்.

மூன்றரை மணிக்கு மார்ட்டி கைன் வந்தார். மோரன் வீட்டு வேலையாள். குல்லாயைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார்.

"பேரு?"

"ஃபெஸ்டி ஹெரட்டி."

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"எப்படிப்பா இருக்கீங்க? பிப்ரவரியிலேர்ந்து சாப்பிடக்கூட வீட்டுப் பக்கம் வரலியே."

வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"ஆட்சேபணை, சார். இவர் எங்கப்பா இல்ல. எங்கப்பா சவப்பெட்டியத் தூக்கின நாலு பேர்ல இவர் ஒருத்தர்."

அதிகாரி பைபிளை மேசையில் வைத்தார். "நீங்கதான் ஃபெஸ்டி ஹெரட்டின்னு கை வெச்சுச் சத்தியம் பண்ணுங்க. பண்ணினா ஓட்டுச்சீட்டு தரேன்."

மார்ட்டியின் கை பாதி தூரம் போனது. ஓட்டைத் திருடத் துணிந்த மனிதருக்கு வேதப் புத்தகத்தைத் தொடத் துணிச்சல் இல்லை. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோ, வின்னி. அவர்தான் போகச் சொன்னாரு" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை எங்கள் பூத்தில் ஒரு பிணமும் ஓட்டுப் போடவில்லை.

மே 31.

வேலை போயிற்று. ஏப்ரனைக் கழற்றி மாவு மூட்டை மேல் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 2.

மைத்துனர் ஜெயித்துவிட்டார், நூற்றுக்கணக்கான ஓட்டு வித்தியாசத்தில். மோரன் கடை வாசலில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்:

"பாத்தியா? உங்கப்பன் ஓட்டு இல்லாமலே ஜெயிச்சாச்சு."

"அப்புறம் எதுக்கு முதலாளி அதத் திருட ஆள் அனுப்புனீங்க?"

முட்டை விற்க வந்த பெண்கள் கூடைக்குள் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்கள்.

நவம்பர் 14.

பக்கத்து ஊர்ப் பால் பண்ணையில் வேலை. போக ஏழு மைல், வர ஏழு மைல். கால் வலிக்கிறது, முதுகு வளையவில்லை.

இன்று வரி வசூலிப்பவர் புதிய வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் சரிபார்க்க வந்தார், இங்கே அதுவும் அவர் வேலைதான்.

"ஃபெஸ்டி ஹெரட்டி... இருக்கட்டுமா? நெறைய வீட்ல விட்டுட்டுத்தான் போறேன். இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

"அடிச்சிடுங்க."

"யோசிச்சு சொல்லும்மா."

"யோசிச்சாச்சு. என் முன்னாலயே அடிங்க."

அடித்தார். மை காயும்வரை நின்று பார்த்தேன். தேநீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திய பிறகு அழுதேன். பிப்ரவரியில்கூட இப்படி அழவில்லை.