மஞ்சள் தண்ணீர்

மெல்பேர்ண்,
ஓகஸ்ட் 1976

மகளின் அப்பாவுக்கு,

சிட்னியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை என்னோடு வேலை செய்யும் தமிழ்ப் பெண் வாசித்துக் காட்டினாள். “நாயைத் திருப்பிக் குடு, நான் வாறன்” என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளில் அடிமட்டம் வைத்து, அதன் விளிம்பைத் தடவித் தடவி இதை நானே எழுதுகிறேன். வரி கோணினால் கோணட்டும்.

வழிகாட்டி நாய் வந்த அன்று, சாமிப்படம் இருக்கிற வீடென்று கூடம் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தீர்கள். பாலம் கட்டப் படித்த எஞ்சினியர்! அதில் வழுக்கி விழுந்தது நாயில்லை, பார்வையில்லாத நான். நீங்கள் அறையில் சிட்னிக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் எழும்பும்வரை பக்கத்தில் நின்றது அந்த நாய்தான்.

“பிள்ளை கூட்டிக்கொண்டு போவாள்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒரு வருடமாக என்னை டிராம் ஏற்றிவிட்டு, தனியாகத் திரும்பி நடந்து, தினமும் பள்ளிக்குப் பிந்திப் போனாள். உங்கள் காரும் அதே தெருவால்தான் போனது. அதற்குச் சாமி ஒன்றும் சொல்லவில்லை போலும்.

இப்போது நாய் கூட்டிப் போகிறது: முதலில் பள்ளி வாசல், பிறகு டிராம், பிறகு நான் வேலை செய்யும் டெலிபோன் சுவிட்ச்போர்ட். திங்கட்கிழமை பிள்ளை என் கையை விட்டாள்.

“அம்மா, நான் முன்னால ஓடட்டா?”

“ஓடு” என்றேன். அவளுடைய சப்பாத்துச் சத்தம் தெருமுனைவரை ஓடியது.

நாயைக் கொடுக்க மாட்டேன். பிள்ளையைப் பார்க்க வரலாம். மணியடியுங்கள், பயப்பட வேண்டாம். அந்நியரைக் கண்டு குரைக்கக்கூடாது என்று அதைப் பழக்கியிருக்கிறார்கள்.

பிள்ளையின் அம்மா