குளிர்ந்த நீரில் அலசிய சட்டை

பாளையங்கோட்டை
வெள்ளி மாலை

என் தஸ்மியாவுக்கு,

பெர்சிஸ் எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை. ரீபா மதினி ஞாயிற்றுக்கிழமை சார்ஜாவுக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனைப் போலத் தாளை அணைத்து வைக்க முடியாது, பார்.

உன் தம்பி ஜீஷான் வேளைக்குச் சாப்பிடுகிறானாம். சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வக்கீல் சொன்னார். இளைத்திருக்கிறான் என்றும் சொன்னார்.

நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெருநாளன்று குர்பானிக்கு ஆட்டைப் பிடித்தவன் ஜீஷான். சட்டையெல்லாம் ரத்தம் தெறித்தது. அஸர் தொழுகைக்கு நேரமாகிறதே என்று உம்மா அதைக் கழற்றி வாங்கி அலசிப் போட்டார். அன்று மாலை மதார் அண்ணாச்சி வாய்க்கால் கரையில் மண்டை உடைந்து கிடந்தார். முந்தின வாரம் அவர் கடை வாசலில் அவரோடு சண்டை போட்டவன் ஜீஷான். கொடியில் ஈரச் சட்டை. போலீசுக்கு வேறென்ன வேண்டும்? அண்ணாச்சிக்கு உயிருக்கு ஆபத்தில்லை. இன்னும் பேச்சு வரவில்லை.

அந்தச் சட்டை எங்கள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. நான் தொடவில்லை. இவன் என் தோழியின் தம்பி, இது என்னிடம் வேண்டாம் என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை உன்னிடம் சொன்னதும், “ஏட்டி, நீ இருக்கேன்னுதான நான் தைரியமா இருந்தேன்” என்றாய். அதுதான் நீ கடைசியாகப் பேசியது.

யோசித்துப் பார். நான் சோதித்து ‘ஆட்டு ரத்தம்’ என்று எழுதினால், கோர்ட்டில் முதல் கேள்வியே உன்னைப் பற்றியதாக இருக்கும். நான் எழுதியது உண்மையாக இருந்தாலும் செல்லாது.

போன வாரம் உம்மா ஆய்வக வாசலுக்கே வந்துவிட்டார். கையில் இடியாப்பத் தூக்கு. காவலாளி பாபநாசம், “யம்மா, இது ஆசுபத்திரி இல்ல, பாக்கதுக்கெல்லாம் விட மாட்டாவ” என்றிருக்கிறார். “எம் புள்ளையவா கேட்டேன்? சட்டையத்தான கேக்கேன்” என்றாராம் உம்மா. நான் ஓடிப் போய் அழைத்து வந்து மரத்தடியில் உட்கார வைத்தேன்.

“நான் மறைச்சேன்னு சொல்லுதாவ, பிள்ள. ரெத்தம் பட்டா நஜீசு, அசுத்தம்லா? அதோட எப்படித் தொழுவான்?”

இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

உனக்கும் சொல்கிறேன். துவைத்தால் எல்லாம் போய்விடாது. கழுத்துப்பட்டியின் மடிப்பில், பொத்தான் தைத்த நூலில் நிற்கும். முதலில் பஞ்சுக் குச்சியில் ஒற்றி மருந்து விடுவார்கள். இளஞ்சிவப்பு வந்தால் ரத்தமாக இருக்கலாம், அவ்வளவுதான். முள்ளங்கிச் சாறுகூடச் சில வேளை அப்படி ஏமாற்றும். மனித ரத்தமா, ஆட்டு ரத்தமா என்பது அதற்கடுத்த சோதனை. வெந்நீரில் ஊறப்போட்டிருந்தால் அது சிக்கலாகியிருக்கும். உம்மா அலசியது தொட்டித் தண்ணீரில்.

கறை போயிருக்க வேண்டும் என்று தொழாதே. கொஞ்சமாவது நின்றிருக்க வேண்டும் என்று தொழு.

ஆடு மட்டும் தெரிந்தால் போதாது. மனித ரத்தம் இல்லாமலும் இருக்க வேண்டும். இல்லையென்று வந்தாலும், துவைத்ததில் போயிருக்கும் என்பார்கள். இதை உம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் மறைக்க முடியவில்லை.

முடிவு எனக்குத் தெரியாது. சட்டை இருக்கும் அறையைக் கடந்துதான் தினமும் போகிறேன். உள்ளே பார்ப்பதில்லை.

அது ஆட்டு ரத்தம்தான் என்று ஜீஷான் சொல்வதை நான் நம்புகிறேன். ஆய்வகத்தில் இதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. உன்னிடம் சொல்லலாம்.

இன்னொன்று. அன்றிலிருந்து உம்மா துணி துவைப்பதில்லை. கூடை நிரம்பி வழிகிறது. நேற்று நான் போய்த் துவைத்தேன். “பைய, பைய. கிழிச்சிப்புடாத” என்று பக்கத்திலேயே நின்றார். ஜீஷானின் இன்னொரு சட்டை கையில் வந்ததும் உள்ளே போய்விட்டார்.

ஏன் துவைத்தாய் என்று நீ உம்மாவிடம் போனில் கேட்டாயாம். இனிக் கேட்காதே, தஸ்மியா. அவரைக் கூப்பிடு. சாப்பிட்டாயா என்று கேள். வேறெதுவும் வேண்டாம். என்னை அப்புறம் கூப்பிடலாம். கூப்பிடாவிட்டாலும் நான் வியாழக்கிழமைதோறும் துணி துவைக்க உங்கள் வீட்டுக்குப் போவேன்.

ஆண்டவர் உங்கள் வீட்டைக் காக்கட்டும். உன் துஆவில் ஜீஷானுக்கும் மதார் அண்ணாச்சிக்கும் பிறகு, கடைசியிலாவது எனக்கும் ஓர் இடம் வை.

உன்
பெர்சிஸ்