வெறும் வயிறு

திருத்தணி,
ஆனி, 1944

அன்புள்ள கணபதிசுப்பிரமணியனுக்கு,

எந்தப் பட்டாள முகாமில் இருக்கிறாயோ, இது உன் கைக்கு வரும்போது நீ நலமாக இருக்க வேண்டும். உன் அப்பாவுக்கு மலைக்கோயில் மடைப்பள்ளியில் வேலை குறையவில்லை.

உன் தங்கை ஜெயத்தைத் தேர்வில் தவறவைத்துவிட்டேன். பிறர் எழுதுமுன் நானே எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மாணவி நர்ஸுகளை நோயாளியின் கட்டிலருகே நிறுத்தி மதிப்பிடுவது இந்த முறை டாக்டர்களில் என் பொறுப்பு. ஜெயம் கட்டுப் போட்டாள். ஊசி போட்டாள். எதிலும் குறையில்லை. அவளிடம் விடப்பட்ட நோயாளி குப்பம்மாள், பொதட்டூர்பேட்டைத் தறிக்காரரின் மனைவி. வயிற்றில் கட்டி. குளோரோபாரம் கொடுக்குமுன் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஏதாவது சாப்பிடக் கொடுத்தாயா என்று ஜெயத்தைக் கேட்டேன். இல்லை என்றாள், என் கண்ணைப் பார்த்து.

மயக்கத்தில் குப்பம்மாள் வாந்தி எடுத்தாள். சர்க்கரைப் பொங்கல். முகம் நீலமாகி, நின்ற மூச்சு ஒருவழியாகத் திரும்பியது. இப்போது மார்ச்சளி, காய்ச்சல். பிழைப்பாளா, தெரியவில்லை.

பிறகு கேட்டபோது ஜெயம் எதையும் மறைக்கவில்லை. காலையில் குப்பம்மாளின் கணவர் மலையிலிருந்து பிரசாதம் கொண்டுவந்திருக்கிறார். "சாமி சோறு வயித்துல தங்காதும்மா, ஒரு வாய் துன்னுட்டுப் போறேன்" என்றாளாம் குப்பம்மாள். ஜெயமே ஊட்டியிருக்கிறாள்.

"பிரசாதத்தை ஆகாரம்னு எனக்குத் தோணவே இல்லை" என்றாள் என்னிடம். பொய் இல்லை. அதனால்தான் தேறவிட முடியவில்லை. பொய் சொன்னவளுக்கு அடுத்த முறை பயமாவது இருக்கும்.

உன் அப்பா வந்தார். தேர்வைப் பற்றிக் கேட்கவில்லை. "என் கையால பண்ணின பிரசாதத்தால ஒருத்தி சாகக் கிடக்கறான்னு ரிப்போர்ட்டுல எழுதிட்டேளா?" ஆம் என்றேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்ததும் ஜெயத்தை வீட்டுக்கு அழைத்துக்கொள்வாராம். தாலி இழந்தவளுக்கு அந்த வீட்டில் எந்த மூலை என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளை இங்கே சேர்த்தாய்.

ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்வுண்டு. வீட்டார் ஒருவர் சம்மதம் வேண்டும். உன் சம்மதம் போதும்.

யாரும் சொல்லாமலே ஜெயம் குப்பம்மாளின் பக்கத்தில் இருக்கிறாள். நிமிர்த்தி உட்காரவைத்து, சளி துடைக்கிறாள். நேற்று அந்தக் கணவர் திருநீறு கொண்டுவந்தார். அதை நோயாளியின் நெற்றியில் இட்டாள். வாயில் போடவில்லை.

அடுத்த முறை அவளை வேறு யாராவது மதிப்பிடட்டும் என்று மேட்ரனிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். சொல்லவில்லை. நீயும் இப்போது கேட்காதே; நீ வந்ததும் அவளைப் பற்றி உன்னிடம் நான் ஒன்று கேட்க வேண்டும், அப்போது சொல்கிறேன்.

அப்பாவுக்கு எழுது. அவள் இங்கேயே இருக்கட்டும். நீ முழுசாகத் திரும்பி வா.

உன் நண்பன்,
நாராயணசுவாமி