பூவரசின் பட்டை

ஜூன் 7, சனி

வெயில். காற்றில்லை. வீட்டுக்காரரை ஃபிசியோதெரபிக்கு பூந்தமல்லி கூட்டிப்போய்த் திரும்ப மதியம். ஆட்டோவிலிருந்து இறக்கும்போதுதான் பார்த்தேன். வாசல் பூவரசில், இடுப்பு உயரத்தில், சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை இல்லை. உள்ளே கட்டை வெள்ளையாக, ஈரமாக. மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், நடுவில் சுத்தமாக உரித்திருக்கிறது. விளையாட்டுப் பிள்ளைகள் வேலை இல்லை. தெரிந்த கை.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வெளியே வர ஒப்புக்கொள்வது இந்த நிழலுக்கு மட்டும்தான். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. மரத்தையே பார்த்தார்.

வாங்க: ஒட்டு டேப், மெழுகு, புது பிளேடு, அவர் மாத்திரை.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே ஆரம்பித்தேன். அதே மரத்தின் இளங்குச்சிகள் நான்கு. காயத்துக்குக் கீழே ஒரு நுனி, மேலே ஒரு நுனி, பட்டைக்கு அடியில் செருகி, டேப் சுற்றி, மெழுகு. பாலம் மாதிரி. ஒன்றாவது பிடித்தால் போதும். அவர் நல்ல கையால் டேப்பைப் பிடித்துக் கொடுத்தார்.

எதிர் வீட்டு அம்மா: "இன்னா டீச்சர், மரத்துக்கு கட்டு போடுறீங்க? மரம் நல்லாத்தானே கீது."

நல்லாத்தான் இருக்கும். தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறும், உரித்தவன் அதில் கை வைக்கவில்லை. இலை சமைக்கிற சாப்பாடு பட்டையின் உட்புறமாகத்தான் வேருக்கு இறங்கும். அது நின்றுவிட்டது. மேலே பச்சை, கீழே பட்டினி. வேரில் சேர்த்து வைத்தது தீரும்வரை வெளியே தெரியாது. தெரியும்போது ஒன்றும் செய்ய முடியாது.

ஜூன் 9, திங்கள்

பிளஸ் ஒன் முதல் வகுப்பு. தொண்டை கட்டிவிட்டது.

திரும்பும்போது அடுத்த மனையில் புது ரியல் எஸ்டேட் ஆபீஸ். பெரிய போர்டு. நம் மரக்கிளை போர்டில் பாதியை மறைக்கிறது. வாசலில் நிற்கிறான் தினேஷ். என்னிடம் பயாலஜி படித்தவன். கடைசி பெஞ்ச், ஆனால் கவனிப்பான்.

பட்டையை உரித்தது நீயா என்று கேட்டேன். மறுக்கவே இல்லை.

"கோச்சிக்காதீங்க மிஸ். போர்டு மறைக்குது. வெட்னா பேஜாரு, ஊரே கேக்கும். இப்டீனா சத்தமில்லாம போய்டும். நீங்கதானே போர்டுல வரைஞ்சி காமிச்சீங்க? தண்ணி போறது நீல சாக்பீஸ், சாப்பாடு போறது செவப்பு. செவப்ப மட்டும் கட் பண்ணா போதும்னீங்க. எனக்கு இன்னும் ஞாபகம் கீது."

பெருமையாகச் சொன்னான். பரீட்சையில் சரியான விடை எழுதியவன் முகம். அறையவில்லை. அறைந்திருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

அரை நாள் லீவு. வார்டு ஆபீஸில் மனு. அங்கிருந்தவர் போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எல பச்சையா கீதேம்மா. காஞ்சப்புறம் வாங்க, பாக்கலாம்."

காய்ந்தபிறகு.

மழை இரண்டு சொட்டு. துணி எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

தினேஷ் ஆபீஸ் வாசலில் இரண்டு பெரிய தொட்டி. சிவப்புத் தண்டு பாம், பனை ஜாதி அலங்காரச் செடி, பக்கத்துக்கு ஒன்று. அதன் நடுவில் நின்றுதான் வருகிறவர்களோடு போட்டோ எடுக்கிறான். பிள்ளை மாதிரித் துடைக்கிறான்.

அதே பிளேடால் அதே மாதிரி உரித்தால்? சாகாது. பாம் வேறு ஜாதி. பூவரசு போலப் பட்டைக்கடியில் ஒரே வளையமாகச் சாப்பாட்டுக் குழாய் கிடையாது. தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். தினேஷ் அந்தப் பாடத்துக்கு வரவில்லை போல.

ஆனால் எந்த வேராக இருந்தாலும் உப்பு மண்ணிலிருந்து தண்ணீர் உறிஞ்ச முடியாது. ஈரத்திலேயே தாகம்.

கல் உப்பு வாங்கினேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று முதல். பாட்டிலில் உப்புக் கரைசல். பள்ளிக்குப் போகும் வழியில், எல்லார் கண் முன்னாலும், இரண்டு தொட்டிக்கும். ஒளிவு மறைவு இல்லை.

ஆபீஸ் வாட்ச்மேன் எழுந்து நின்றார். "தெனமும் செடிக்கு தண்ணி ஊத்தினு போறவங்கள இப்பத்தாம்மா பாக்கறேன். புண்ணியமா போவும்."

தினேஷும் பார்த்தான். "தேங்க்ஸ் மிஸ். கோவம் போச்சா?" சிரித்தேன். சிரிக்க வந்தது, அதுதான் ஆச்சரியம்.

ஜூன் 22, ஞாயிறு

அடுக்களையில் உப்பு கரைக்கும்போது திரும்பினால் அவர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு. பாட்டிலைப் பார்த்தார், உப்புப் பொட்டலத்தைப் பார்த்தார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு விளக்கம் வேண்டாம்.

வாய் கோணிக்கொண்டு வெகுநேரம் முயன்றார். "வே...ணாம்."

இந்த வருடத்தில் அவர் முழுசாகச் சொன்ன முதல் வார்த்தை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "அவன் மரத்த என்ன பண்ணான்னு பாத்தீங்கல்ல" என்றேன். பாட்டிலை மூடிப் பையில் வைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு குச்சியும் காய்ந்து கறுப்பு. ஒன்றும் பிடிக்கவில்லை. காயத்தின் மேல்விளிம்பு உதடு போல வீங்கியிருக்கிறது. இறங்க வழியில்லாத சாப்பாடு அங்கே தேங்குகிறது. கீழ்விளிம்பு சுருங்கி, ஒட்டி.

மரம் முழுக்க மஞ்சள் பூ. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். செத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கும் தினேஷுக்கும் மட்டும் தெரியும்.

இன்று முதல் பாட்டிலில் இரட்டை உப்பு.

ஜூலை 4, வெள்ளி

பாம் இலை நுனியெல்லாம் பழுப்பு, தீயில் காட்டியது போல. சிவப்புத் தண்டு வெளிறிவிட்டது. வாட்ச்மேன் சொல்கிறார்: "நம்ம தெனேசு ரொம்ப பேஜாராகீறாரும்மா."

கேட்கக் காதுக்கு இதமாக இருந்தது. வகுப்பில் நன்றாகப் பாடம் எடுத்தேன்.

ஜூலை 7, திங்கள்

புழுக்கம். சாயங்காலம் தினேஷ் வீட்டுக்கே வந்தான். செருப்பை வெளியே விட்டு, கையில் கருகிய இலையோடு.

"மிஸ், ரெண்டும் காஞ்சினே போவுது. நர்சரில ஆளுக்கொன்னு சொல்றானுங்க. நீங்க சொல்லுங்க. தண்ணி ஜாஸ்தியா, கம்மியா?"

இலையை வாங்கிப் பார்த்தேன். சரியான பதில் தெரியும். தொட்டி வழிய வழியத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினால் இன்னும் பிழைக்கும். நடுக்குருத்து பச்சையாகத்தான் இருக்கிறது. உள்ளே நாற்காலியில் அவர், எங்களையே பார்த்துக்கொண்டு.

"தண்ணி ஜாஸ்தியாயிடிச்சிப்பா. வேர் அழுகுது. ஒரு மாசத்துக்குச் சொட்டு விடாதே."

"வாட்ச்மேன் அப்பப்ப ஊத்துறாரே?"

"அவரையும் ஊத்த வேணாம்னு சொல்லு. நானும் ஊத்தல."

போனில் எழுதிக்கொண்டான். "நீங்க சொன்னா கரீட்டா இருக்கும் மிஸ்."

கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ரசம் சாதம் குழையப் பிசைந்து கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. தட்டை மூடி வைத்தேன்.

பிறகு நான் சாப்பிட்டேன். நல்ல பசி.