எந்த ஊர் மழை?

இன்று காலை உன் போன் கூவியது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் மகள் அதற்கு விடாமல் சார்ஜ் போட்டு வைக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். குடகில் கனமழையாம். வெளியே பரமத்தி வேலூர் வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஊரே போனில் நம்மூர் மழையைத் தேடும். நீ மட்டும் குடகைத் தேடுவாய். "நம்மூரு மழையப் பாத்துத் துணி காயப் போடலாமுங்க மாமா. ஆத்தோர வெத்தலைக் கொடிக்காலுக்கு அந்த ஊரு மழையத்தான் பாக்கோணும்" என்பாய்.

ஒரு வருடம் நீ சொன்னபடி வெற்றிலையை முன்னாலேயே கிள்ளினோம். காவிரி தோட்டத்துக்குள் வந்தது. நமக்கு இலையாவது மிஞ்சியது. நீ அண்ணன் என்று கூப்பிடும் பக்கத்துத் தோட்டக்காரருக்கு இலையும் கொடியும் சேர்ந்து அழுகின. அடுத்த வருடமும் அதே மழை, அதே அவசரம். ஆறு அசையவே இல்லை. மேட்டூர் அணை அப்போது பாதி காலி, வந்ததையெல்லாம் குடித்துவிட்டது.

"குடகுல தும்முனா எங்க தங்கச்சி இங்க கொடை புடிக்குது" என்றார் அதே அண்ணன். எல்லோரோடும் சேர்ந்து நீயும் சிரித்தாய். ஆனால் அன்று நீ சோறு உண்ணவில்லை. அதன்பிறகு தினமும் அணை மட்டத்தையும் பார்க்க ஆரம்பித்தாய். "அணை வயித்துல எடமிருக்குதான்னும் பாக்கோணுமுங்க" என்று எனக்குப் பாடம் வேறு.

நானும் பார்த்தேன், புள்ள. அங்கே மழை கொட்டுகிறது. அணை நிறையவும் இல்லை, காலியாகவும் இல்லை. இதற்கு என்ன செய்வதென்று நீ சொல்லவே இல்லையே! இலை இன்னும் முற்றவில்லை. இப்போது கிள்ளினால் அடிமாட்டு விலைதான். விட்டு வைத்து வெள்ளம் வந்தால் இந்த வருடப் பாடே போச்சு.

கடைசியில் ஆளைக் கூப்பிட்டு ஆற்றுப் பக்கம் பாதியைக் கிள்ளினேன், மேல்பாதியை விட்டுவிட்டேன். வரப்பில் நின்று பார்த்த அண்ணன், "ஏன் மாப்ள, வெள்ளம் பாதித் தோட்டத்துக்குத்தான் வருதா?" என்றார். "ஆமாங்க மச்சான்" என்றேன். எதற்கு ஆமாம் போட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இப்போது ஆற்றங்கரையில் நிற்கிறேன். தண்ணீர் ஏறினால் மேல்பாதி போகும். ஏறாவிட்டால் ஊர் மறுபடி உன்னைச் சொல்லிச் சிரிக்கும். கூடச் சிரித்துச் சமாளிக்க நீ இல்லை. சாமியிடம் எதைக் கேட்பதென்றே தெரியவில்லை, புள்ள.