மூடியில் எழுதிய ‘வே’

மார்ச் 4

இன்று ஆய்வகத்தில் 41, 42, 43 ஆம் மண் மாதிரிகளைக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் பூசினேன். கிருமியைக் கொல்லும் கிருமி ஒன்று கிடைக்குமா என்று ஆறு மாதமாகக் கண்ட மண்ணையெல்லாம் அள்ளிவந்து தேடுகிறேன். ஆய்வகத் தலைவர் மேடம் எட்டிப் பார்த்து, "மாசக் கடைசி வரைக்கும்தான் டைம், ஞாபகம் இருக்கில்ல?" என்றார். எப்படி மறக்கும்? கிடைக்காவிட்டால் மண் வேலையை மூடிவிட்டு என்னைத் தண்ணீர்ப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள்.

43ஆவது, இங்கே தட்டு கழுவும் அக்காவின் வீட்டுக் குழாயடி மண். பிஸ்கட் உறையில் மடித்துக் கொடுத்தார். "எங்க வீட்டு மண்ணும் ஒரு பரீட்சை எழுதட்டுமே."

மார்ச் 11

41 வழக்கமான வழவழப்பு. 42 முழுக்கப் பூஞ்சை. 43 — தூசி மாதிரி நாலு புள்ளி. பரீட்சையில் பெயில். மூன்று மூடியிலும் ‘வே’ என்று எழுதி அக்காவின் மேசையில் வைத்தேன். வேண்டாம் என்று முழுதாக எழுதக்கூட மனசில்லை.

மார்ச் 12

தலைவலி.

மார்ச் 23

இன்று அக்காவிடம் கத்திவிட்டேன். மூன்று தட்டும் கழுவாமல் அவர் அலமாரியில் அப்படியே இருந்தன.

"நீங்கதானேம்மா வேணும்னு எழுதியிருக்கீங்க?"

"நான் எங்கக்கா எழுதினேன்?"

மூடியைக் காட்டினார். வே.

"வேணுமா வேணாமான்னு பாதியில நிறுத்தினா நான் என்னத்தக் கண்டேன்? கழுவிட்டா திரும்ப வராது. அதான் எடுத்து வச்சேன்."

43ஐ வெளிச்சத்தில் பிடித்தேன். சுண்ணாம்புப் பொடி தூவியது போல வெள்ளையாக ஒரு திட்டு. பக்கத்தில் வளர்ந்ததெல்லாம் அதை நெருங்காமல் வட்டமாக ஒதுங்கி நிற்கிறது! தட்டை முகரக் கூடாது என்பது விதி. நான் முகரவில்லை, மூடியைத் திறந்ததும் அதுவாக வந்தது — மழை விழுந்த மண்ணின் வாசனை. பன்னிரண்டு நாள் பொறுக்க எனக்குத் தெரியவில்லையே. இப்படியா அவசரப்படுவேன்?

மார்ச் 24

எந்த மருந்துக்கும் மசியாத கிருமியோடு அதை ஒரே தட்டில் விட்டிருக்கிறேன். இன்றைக்கே நாலு தடவை எட்டிப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 27

இருபத்திரண்டு மில்லிமீட்டர். மூன்று முறை அளந்தேன். அவ்வளவு தூரத்துக்கு அந்தக் கிருமி தலைகாட்டவே இல்லை.

மேடம்: "ரொம்ப ஆடாத. ஏற்கெனவே தெரிஞ்ச மருந்தாக்கூட இருக்கலாம்." அப்புறம், கண்ணாடியைத் துடைத்தபடி, "இன்னும் ஆறு மாசம் கேட்டுப் பாக்குறேன்."

மார்ச் 31

ஆறு மாதம் கிடைத்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஈரக் கை, விடுங்க" என்றார். அவருக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

ஏப்ரல் 2

பதிவேட்டில் 43ஐ ஏற்றினேன். ‘கண்டெடுத்தவர்’ என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. இரண்டு வருடமாக அக்கா, அக்கா என்றே கூப்பிட்டிருக்கிறேன். பெயர் தெரியாது! வெட்கத்தோடு போய்க் கேட்டேன்.

சொல்லிவிட்டு, சிரித்தார். "இதையாவது முழுசா எழுதுங்க."

எழுதினேன். ஓர் எழுத்துகூட விடவில்லை.